அமுக்குச் சாக்கு

ரிஸ்னா இந்த வாரமும் எனக்குப் போன் எடுத்தாள். பதுளை டவுனில் நான் வேலை செய்த கடையில், நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான். மலையேற வருகிறவர்களுக்குக் கூடாரம், சமையல் சாமான், ஸ்லீப்பிங் பேக் எல்லாம் வாடகைக்குக் கொடுக்கிற கடை அது. ஸ்லீப்பிங் பேக் என்றால் பஞ்சு வைத்துத் தைத்த ஒரு நீளமான உறை. உள்ளே நுழைந்து சிப்பை இழுத்துவிட்டால் மலை உச்சியிலும் நிம்மதியாகத் தூங்கலாம். விரித்தால் ஆள் உயரம் இருக்கிற அந்தச் சாமானைச் சுருக்கி முதுகில் தூக்க வேண்டுமென்றால், சுற்றிலும் பட்டி வைத்து இறுக்குகிற இன்னொரு பை வேண்டும். அந்தப் பட்டிப் பைதான் என் பிழைப்பு.

"சரசக்கா, கொழும்புல இருந்து சாம்பிள் வந்து ஈக்குது. எல்லாம் ஒரே மாதிரித்தான் தெரியுது. எத எடுக்கட்டும்?"

"ஒரே மாதிரி தெரிஞ்சா ஒனக்குக் கண்ணு சரியில்லன்னு அர்த்தம். உள்பக்கம் திருப்பிப் பாத்தியா?"

"இல்லக்கா."

"அப்புறம் எதுக்கு எனக்குப் போன் எடுத்த?"

திட்டினால் சிரிப்பாள். திட்டு வாங்கத்தான் எடுக்கிறாளோ என்று சில சமயம் எனக்குச் சந்தேகம் வரும். கடைசியில், "போன்ல சொன்னா மறந்து போகுதுக்கா, எழுதித் தாங்களேன்" என்றாள். எழுதலாம்தான். எனக்கென்ன வேலை கிடக்கிறது? ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பாதிக் காம்பராக்களுக்குப் பூட்டுத் தொங்குகிறது. பக்கத்துக் காம்பராக்காரர்கள் பிள்ளைகளோடு கொழும்புக்குப் போய்விட்டார்கள். என் வீட்டுக்காரர் தோட்டத்து பெக்டரியில் இருந்தவர், செத்துப் பல வருசம் ஆகிறது. ஒரே மகன் தினேஷ் ருமேனியாவில் மேசை, கட்டில் செய்கிற ஒரு தளபாடத் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவன் போன் எடுக்கிற வரைக்கும் யாரோடும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாத வாரங்கள் எனக்கு உண்டு. போன் அடித்தால் முதலில் தொண்டையைச் செருமிக்கொள்கிறேன். இல்லாவிட்டால் குரலே வராது.

அவனுடைய பேச்சும் வரவரச் சுருங்கிக்கொண்டு வந்தது. போன புதிதில் என்ன சமைத்தான், யாரோடு சண்டை போட்டான், பனி எப்படிக் கொட்டுகிறது என்று எல்லாம் சொல்வான். பிறகு, "நல்லா இருக்கியாம்மா? மருந்து போட்டியா? சரி, வைக்கிறேன்" என்பதோடு முடிந்தது. இந்தப் பேச்சு ஒரு நாள் அடியோடு நின்றுபோகும் என்று எனக்குப் பயம். அந்தப் பயத்தோடுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் ரிஸ்னா கேட்டது சாக்கைப் பற்றி, அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சாக்கு என்று நான் சொன்னால் வெளியாட்கள் சிரிப்பார்கள். தோட்டத்தில் பிறந்தவளுக்குத் தெரிந்த சாக்கு தேயிலைக் கொழுந்துச் சாக்குதான். கொழுந்தைச் சாக்குக்குள் அமுக்கக் கூடாது. அமுக்கினால் சூடேறிச் சிவந்துபோகும், கணக்கப்பிள்ளை வாய்க்கு வந்தபடி ஏசுவார். அமுக்காதே, அமுக்காதே என்று திட்டு வாங்கி வளர்ந்தவள் கையில், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மொதலாளி ஒரு பட்டிப் பையைக் கொடுத்து, "இத நல்லா அமுக்கணும்" என்றார். "இது என்னங்க, அமுக்குச் சாக்கா?" என்று கேட்டுவிட்டேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து கடையில் அதற்கு அதுதான் பேர். வெள்ளைக்காரர்கள்கூடச் சிலர் அதைச் சொல்லிக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

மொதலாளி பேர் ஜவ்பர். துணிக்கடை வைத்திருந்தவர். துணி வியாபாரம் படுத்ததும், எல்ல ஊர்ப் பக்கமும் நமுனுகுலை மலைப் பக்கமும் மலையேற ஆட்கள் வருவதைப் பார்த்து இந்த வாடகைக் கடையைத் தொடங்கினார். நான் அதற்கு முன்னால் ஏற்றுமதிக்குப் பை தைக்கிற ஒரு தொழிற்சாலையில் பட்டி தைக்கிற பிரிவில் இருந்தேன். நாள் முழுக்க ஒரே தையல்தான்: ஒரு சதுரம், சதுரத்துக்குள்ளே ஒரு பெருக்கல் குறி. தூக்கத்திலும் அதையே தைத்தேன். தொழிற்சாலையை மூடியதும் நான் தையல் மெசினோடு ஜவ்பர் மொதலாளியின் கடைப் பின்னறைக்கு வந்து சேர்ந்தேன். வந்தவள் வயசாகிக் கண் மங்குகிற வரைக்கும் அங்கேயே இருந்துவிட்டேன்.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. பஸ் பிந்தி வந்து, மழை, பாலத்தில் மரம் விழுந்துவிட்டது என்று நான் காரணம் அடுக்கினால் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். "சரசு, ஒங்கிட்ட ரெண்டு சாக்கும் ஸ்டொக் ஈக்குது. ஒன்னு அமுக்க, ஒன்னு சொல்ல" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இருக்காது.

சாம்பிள் வந்தால் அவர் வெளிப்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். வெளியே பார்ப்பது வாங்க வருகிறவன் வேலை என்பார். முதலில் உள்பக்கத்தைத் திருப்புவார். உள்ளே நீர் போகாமல் இருக்கப் பூசியிருப்பார்களே, அந்தப் பூச்சை முகர்ந்து பார்ப்பார். கடும் நெடி அடித்தாலோ விரலில் பிசுபிசுத்தாலோ கீழே போட்டுவிடுவார். நம்முடைய ஈரத்தில் அந்த மாதிரிப் பூச்சு ஒரு மாரிக்குள் தோல் உரிகிற மாதிரி உரிந்துவிடும். பிறகு பையை பல்புக்கு நேரே பிடிப்பார். தையல் ஓடிய இடத்தில் வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தால், தையலுக்கு மேல் நாடா ஒட்டவில்லை என்று அர்த்தம். தண்ணீர் அந்த வழியாகத்தான் உள்ளே போகும்.

அடுத்தது பட்டி. இரண்டு பட்டிப் பை மலிவு, பார்க்கவும் அடக்கமாக இருக்கும். வாங்காதே. இரண்டு பக்கமும் இழுத்தால் நடுவில் தொப்பை போட்டு, முழுப் பாரமும் இரண்டு தையலில் தொங்கும். நாலு பட்டி வேண்டும், பட்டி விரல் அகலமாவது இருக்க வேண்டும், பட்டி பையோடு சேருகிற இடத்தில் நான் சொன்ன அந்தச் சதுரமும் பெருக்கல் குறியும் இருக்க வேண்டும். வெறும் கோட்டுத் தையலாக இருந்தால் தூக்கி வைத்துவிடு. மொதலாளி ஒரு பட்டியைச் செருப்புக் காலால் மிதித்துக்கொண்டு அடுத்ததை இரண்டு கையாலும் இழுப்பார். அந்த வயசில் அவர் அப்படி இழுக்கும்போது எனக்குத்தான் பயமாக இருக்கும்.

பட்டியைப் பூட்டுகிற பக்கிளைச் சோதிப்பது என் வேலை. கையில் சவர்க்காரம் தடவிக்கொண்டு பூட்டித் திறக்கச் சொல்வார். மலையில் மழையில் விறைத்த கை அப்படித்தான் இருக்கும் என்பார். ரிஸ்னா, இதையும் குறித்துக்கொள்: மலிவுப் பை முதலில் செத்துப்போவது பக்கிளில்தான். தையலைப் பிரிக்காமல் பக்கிளை மட்டும் மாற்ற முடிகிற பையாகப் பார்த்து எடு. துணி கொஞ்சம் முரடாக இருந்தாலும் பரவாயில்லை. பட்டு மாதிரி மெல்லிசாக, கைக்குட்டை போல மடங்குகிற பையைக் காட்டி, பாரமே இல்லை என்பார்கள். அது கண்ணாடி அலமாரிக்குள் வைக்க நல்லது. காற்றை வெளியேற்ற மூடி வைத்த பையும் நமக்கு வேண்டாம், அந்த மூடிக்குள் மண் போனால் கதை முடிந்தது.

கடைசியில் பையில் தண்ணீர் நிரப்பி ஆணியில் மாட்டுவார். பிறகு தேத்தண்ணி வரும். கதைத்துக்கொண்டே மெதுவாகக் குடிப்போம். தேத்தண்ணி முடிந்த பிறகு பையின் அடியில் கையை வைத்துப் பார்ப்பார். கை காய்ந்திருந்தால் அந்தப் பையை வாங்குவோம். கடையில் எல்லாவற்றுக்கும் அளவு அந்தத் தேத்தண்ணிதான். திரும்பி வந்த ஸ்லீப்பிங் பேக்கைச் சாக்கிலிருந்து எடுத்து மேசையில் விரிப்போம். உள்ளே பஞ்சு உயிரோடு இருந்தால், நாங்கள் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் மெதுவாக மூச்சு இழுத்துப் பொங்கிவிடும். "அதுக்குள்ள எழும்பாட்டி அது எழும்பாது சரசு. காத்துக் கெடக்காத" என்பார். தினேஷ் அப்போது முச்சக்கர வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான், கடைச் சாமான் ஏற்றி இறக்க வருவான். அவனும் அந்த மேசையருகே நின்று எத்தனையோ தேத்தண்ணி குடித்திருக்கிறான்.

அமுக்கும் விதம் ஒன்று இருக்கிறது. எங்கள் ஆட்களுக்கு அதுதான் கடைசி வரை பிடிபடவில்லை. ஸ்லீப்பிங் பேக்கை மடிக்கவோ சுருட்டவோ கூடாது. கால் பக்கத்திலிருந்து பிடித்து, ஒழுங்கில்லாமல், கைக்கு வந்தபடி சாக்குக்குள் திணிக்க வேண்டும். மடித்தால் ஒவ்வொரு தடவையும் அதே மடிப்பில் பஞ்சு ஒடியும். ஆனால் சாமான் தூக்க வருகிறவர்கள் எல்லாம் லயத்தில் வளர்ந்தவர்கள். பத்துப் பேர் படுத்து எழும்புகிற ஒரு காம்பராவில் போர்வையை மடித்து வைக்காவிட்டால் நடக்க இடம் இருக்காது. துணியைத் திணித்து வைத்தால் வீட்டுக்கு மூதேவி வரும் என்று முதுகில் அடி வாங்கியவர்கள் அவர்கள். நானும்தான். நான் திரும்பியதும் திணித்ததை எடுத்து அழகாகச் சுருட்டி வைத்துவிடுவார்கள். "ஏன்டா இப்பிடிச் செய்ற?" என்றால், "மனசு கேக்கலக்கா" என்பார்கள்.

திணித்த பிறகு பட்டியை எதிரும் புதிருமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். கல்லாகிற வரை இழுக்கக் கூடாது, கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும். சாக்கு சிறியதாக இருந்தால் கெட்டிக்காரத்தனம் என்று நினைக்காதே. பட்டியை இழுக்காமலே ஸ்லீப்பிங் பேக் உள்ளே சுகமாக அடங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சாக்கு வழிக்கு மட்டும்தான். வீடு வந்ததும் வெளியே எடுத்து உதறித் தொங்கவிட்டுவிட வேண்டும். எங்கள் பின்னறையில் ஸ்லீப்பிங் பேக் எல்லாம் வௌவால் மாதிரித் தொங்கும். புதிதாக வருகிறவர்கள் பார்த்துப் பயப்படுவார்கள்.

இனி அந்த மழையைச் சொல்ல வேண்டும்.

அந்த வருசம் வானம் வெளுக்கவேயில்லை. லுணுகலைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் லயத்துக்கு மேலே மலை வெடிப்பு விட்டு, எப்போது சரியுமோ என்று நின்றது. சனங்களை எழுப்பித் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். உடுத்த துணியோடு வந்தவர்கள், படுக்க வெறும் சீமெந்துத் தரை. மொதலாளி செய்தி கேட்டதும், "கடைல ஈக்கிற ஸ்லீப்பிங் பேக் எல்லாத்தையும் சாக்குல கட்டு சரசு" என்றார். அப்போது கடையில் இரண்டு வகைச் சாக்கு இருந்தது. ஒன்று நாங்கள் தேத்தண்ணி வைத்துச் சோதித்து எடுத்த நாலு பட்டிச் சாக்கு. மற்றது மொதலாளியின் மருமகன் கொழும்பில் மலிவாகக் கிடைத்ததென்று மொத்தமாக அனுப்பி வைத்தது. மிட்டாய்த் தாள் மாதிரிக் கலர், இரண்டே பட்டி. மருமகன் மனம் கோணக் கூடாதென்று அதை மட்டும் மொதலாளி சோதிக்காமல் அலமாரியில் ஏற்றியிருந்தார்.

தினேஷின் வண்டியில் ஏற்றி, ரோடு உடைந்த இடம் வரைக்கும் போனோம். அங்கிருந்து தோட்டத்து ஆட்கள் தோளில் சுமந்து மேலே ஏறினார்கள். மழை நனைக்கக் கூடாதே என்று நல்ல மனசில் ஒவ்வொருவரும் பட்டியை இன்னும் ஒரு இழுப்பு இழுத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் இறக்கிப் பார்த்தால் மருமகனுடைய சாக்கெல்லாம் பட்டி பிய்ந்து, தையல் வாயைப் பிளந்து, உள்ளே பை சொதசொதவென்று நனைந்திருந்தது. பிழிந்தால் தண்ணீர் ஓடியது. நாலு பட்டிச் சாக்கைத் திறந்தேன். உள்ளே விட்ட கையில் ஈரமே இல்லை. எனக்கு அந்த இடத்தில் அழுகை வந்துவிட்டது. சந்தோசமா கோபமா என்று தெரியவில்லை. காய்ந்த பைகளைப் பிள்ளைக்காரிகளுக்கும் வயசானவர்களுக்கும் என்று பிரித்தேன்.

பிரித்துக் கொடுத்தால் யாரும் உள்ளே நுழையவில்லை. நுழைவது எப்படி என்று நானே தரையில் படுத்துச் சிப்பை இழுத்துக் காட்டினேன். எல்லோரும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். பாக்கியம் என்று ஒரு அம்மா, மேலே வெடித்த மலைக்கு நேர் கீழ்க் காம்பராவில் இருந்தவள், என் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"குளிருக்கு நல்லதுதான் தாயி. ஆனா காலு ரெண்டையும் உள்ள விட்டுப் பூட்டிக்கிட்டா, மலை வந்தா எப்பிடி ஓடுறது?"

நான் அதற்குள்ளே படுத்துக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தேன். எழுந்து சிப்பை அடிவரை இழுத்து ஒவ்வொரு பையையும் இரண்டாகத் திறந்து, போர்வையாக விரித்துக் கொடுத்தேன். அப்படிக் கொடுத்ததும் வாங்கிக்கொண்டார்கள்.

மழை விட்டு, ரோடு சரியாகி, பைகள் லொறியில் திரும்பி வந்தன. பாக்கியமும் கூடவே வந்திருந்தாள். நான் ஒரு கட்டைப் பிரித்துப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அவர்கள் பைகளைக் கல்லில் அடித்துத் துவைத்திருந்தார்கள். சவர்க்காரம் போட்டு, கும்மி, முறுக்கிப் பிழிந்து, வெயிலில் காயவைத்து, கல்யாணச் சேலை மாதிரி விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்து, பழைய சேலைக் கிழிசலால் கட்டியிருந்தார்கள். இதைவிட மரியாதையாக ஒரு சாமானை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது. இதைவிட மோசமாக ஒரு ஸ்லீப்பிங் பேக்கைக் கொல்லவும் முடியாது.

"சாக்க மட்டும் நாங்க வச்சுக்கிட்டோங்க" என்றாள் பாக்கியம், மொதலாளியைப் பார்த்து. "பொறப்புப் பத்திரம், சாமி படம், புள்ளைங்க புஸ்தகம் எல்லாம் அதுக்குள்ள போட்டுக் கதவுக்கிட்ட மாட்டியிருக்கோம். மறுபடியும் ஓடுன்னா தூக்கிட்டு ஓடலாம். ஏசாதீங்க."

மொதலாளி ஒரு பையை மேசையில் விரித்தார். தேத்தண்ணி வந்தது. பாக்கியத்துக்கும் ஒரு கோப்பை கொடுக்கச் சொன்னார். மூன்று பேரும் குடித்தோம். பை தோசை மாதிரிப் படுத்துக் கிடந்தது. கடையில் பாதிக்கு மேற்பட்ட சரக்கு அது. மொதலாளி கடைசிச் சொட்டு வரை நிதானமாகக் குடித்துவிட்டுப் பையைத் தடவிப் பார்த்தார்.

"நல்லா சுத்தமாத் தொவச்சிருக்கீங்க. ரொம்ப சந்தோசம். சாக்கு ஒங்களுக்கேதான்" என்றார்.

அவள் கும்பிட்டுவிட்டுப் போன பிறகு நான் பொரிந்து தள்ளினேன். "கல்லுல அடிக்கக் கூடாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேங்க."

"என்னத்துக்கு? அவங்க நமக்குச் செஞ்ச மரியாத அது. அத ஏன் ஒடைக்கணும்?" என்றார். பிறகு மருமகனுடைய மிட்டாய்த் தாள் சாக்குகளில் மிச்சமிருந்ததை எல்லாம் அலமாரியிலிருந்து இறக்கி, அவரே லொறிக்காரனிடம் கொடுத்துக் கொழும்புக்கே திருப்பி அனுப்பினார். அதற்குப் பிறகு யார் மனம் கோணினாலும் தேத்தண்ணி வைக்காமல் ஒரு சாக்கும் உள்ளே வந்ததில்லை. ரிஸ்னா, நீயும் அப்படியே செய்.

செத்த பைகளைக் குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். கல்லில் அடிபடாத ஓரங்களில் பஞ்சு கொஞ்சம் உயிரோடு இருந்தது. ஒன்றில் ஒரு கைப்பிடி, இன்னொன்றில் ஒரு மூலை என்று சேர்த்து, சாப்பாட்டு நேரத்தில் தைத்துத் தைத்து ஒரே ஒரு ஸ்லீப்பிங் பேக் செய்தேன். ஓர் ஊரையே சேர்த்துத் தைத்த மாதிரி இருந்தது. அதை வாடகைக்கு விடவில்லை.

தினேஷுக்கு ருமேனியா விசா வந்தபோது அந்தப் பையைத்தான் கொடுத்தேன். பனி நாடு, கம்பளி போதாது என்றார்கள். கடையில் இருந்ததிலேயே நல்ல நாலு பட்டிச் சாக்கை மொதலாளியே தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். அவர் முழங்காலால் அழுத்திப் பிடிக்க, நான் பட்டியை இழுத்தேன். தூரம் போகிற சாக்குக்கு நான் ஒரு வேலை செய்வேன். பட்டி வழியில் நழுவாமல் இருக்க, தொங்குகிற அதன் வாலைச் சுருட்டி, சிவப்பு நூலால் நாலு தையல் போட்டுவிடுவேன். அந்த நூலை வெட்டாமல் சாக்கைத் திறக்க முடியாது. தினேஷின் சாக்குக்கும் போட்டேன்.

"தம்பி, போய்ச் சேந்ததும் தெறந்து ஒதறித் தொங்கவிடணும். உள்ளேயே வச்சுக் கொன்னுறாத" என்றார் மொதலாளி.

"சரிங்க மொதலாளி" என்றான்.

போன வருசம் மொதலாளி மௌத்தாகிவிட்டார். ரிஸ்னா போனில் சொன்னபோது அடுத்த பஸ் எடுத்துப் போனேன். ஜனாஸா ஊர்வலத்துக்குப் பின்னால் பெண்கள் போவதில்லை. பூட்டிய கடைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். அத்தனை வருசம் ஒரே மேசையில் தேத்தண்ணி குடித்த மனிதர். யாரிடம் துக்கம் விசாரிப்பது, என்னிடம் யார் விசாரிப்பார்கள் என்று தெரியவில்லை. தினேஷிடம் சொன்னேன். "ஐயோ பாவம்மா" என்றான். அன்றும் சீக்கிரமே வைத்துவிட்டான்.

போன மாதம் அவன் அறை மாறினான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வீடியோ கோல் எடுத்தவன், புது அறையைக் காட்டுகிறேன் என்று போனைச் சுற்றித் திருப்பினான். கட்டில், சன்னல், ஒரு அலமாரி. அலமாரிக்கு மேலே பெட்டிகளுக்கு நடுவில் என் சாக்கு.

"டேய், நில்லு. அத இறக்கு."

"எதம்மா?"

"அந்தச் சாக்கடா. கிட்டக் காட்டு."

காட்டினான். பட்டி வாலில் சிவப்பு நூல் அப்படியே இருந்தது. நாலு தையலும் நான் போட்டபடியே. அவன் போய் எத்தனை பனிக்காலம் போய்விட்டது! ஒரு தடவைகூட அதைத் திறக்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை வைத்துவிடலாம் என்று தோன்றியது.

"ஏன்டா தெறக்கல?"

"இங்க ரூமுக்குள்ள ஹீட்டர் இருக்கும்மா. குளிரே இல்ல. பத்திரமா இருக்கட்டும்னு மேல போட்டு வச்சேன்."

லயத்தில் வளர்ந்த பிள்ளை. நல்ல சாமான் என்றால் கட்டி மேலே போட வேண்டும் என்றுதான் அவனுக்கும் தெரியும். என்ன சொல்லித் திட்டுவது? ஒரு மகன் குளிரில் நடுங்கவில்லை என்று கேட்டு வருத்தப்பட்ட தாய் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"நூல வெட்டு. வெட்டி விரி. நான் பாக்கணும்" என்றேன்.

சமையல் கத்தியை எடுத்து வந்து நூலை வெட்டினான். பட்டியைத் தளர்த்தி, கால் பக்கத்தைப் பிடித்து உருவிக் கட்டிலில் விரித்தான். அவனுக்குச் சின்ன வயசில் நான் தைத்துக் கொடுத்த சட்டையைப் பார்த்த மாதிரி இருந்தது அந்தப் பையைப் பார்க்க. தட்டையாக, சுருக்கம் சுருக்கமாகக் கிடந்தது.

"எழும்பலம்மா."

"ஒடனே எழும்புமா? கட்டிலப் பாத்தாப்ல போன வையி. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

போனை எதிலோ சாய்த்து வைத்தான். அவனும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தேன். சும்மா இருக்க முடியாமல் அவனே பேச்செடுத்தான். கூட இருக்கும் நேபாளத்துப் பையன் பருப்பில் சீனி போடுகிறானாம். இவன் மிளகாய் இடித்து மாசிச் சம்பல் செய்யப்போய் மாடி முழுக்கத் தும்மினார்களாம். போர்மன் இவன் பேரை டேனிஸ் ஆக்கிவிட்டானாம். கூரைத் தகரம் இன்னும் ஒழுகுகிறதா என்று கேட்டான். முன்பு வேலை செய்த இடத்தில் கையில் வெட்டுப்பட்டதைச் சொல்லாமல் மறைத்ததையும் சொன்னான். இதெல்லாம் எனக்குத் தெரியாது. சிரித்தேன், ஏசினேன், கொஞ்சம் அழுதேன். எத்தனையோ மாசத்துக்குப் பிறகு என் குரல் தொண்டையைச் செருமாமலே வந்தது.

என் தேத்தண்ணி முடிந்துவிட்டது. கோப்பையைக் கீழே வைக்கிற சத்தம் அவனுக்கும் கேட்டிருக்கும். பை விரித்தபடியே கிடந்தது. எழும்பவில்லை. அது இனி எழும்பாது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்? நான் அடுத்துச் சொன்னதை மொதலாளி கேட்டிருந்தால் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்து, இது அமுக்குகிற சாக்கா, சொல்கிற சாக்கா என்று கேட்டிருப்பார்.

"இன்னும் கொஞ்ச நேரம் புடிக்கும்டா" என்றேன். "ரொம்ப நாள் உள்ள இருந்ததில்ல?"

தினேஷ் பையைப் பார்த்தான். பிறகு போனைப் பார்த்தான். அந்த மேசையருகே நின்று எத்தனையோ தேத்தண்ணி குடித்தவன் அவன்.

"ஆமா, புடிக்கும்" என்றான். காலைத் தூக்கிக் கட்டிலில் மடக்கி வைத்துக்கொண்டான். "நீ இன்னொரு தேத்தண்ணி ஊத்திக்கம்மா. நான் இருக்கேன்."

நான் போய் அடுப்பைப் பற்ற வைத்தேன்.